சிமரோன் முதல் ஈகிள் நெஸ்ட் வரை

“சரி, பனியில வண்டி வழுக்குது. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்புவே?”

“வழுக்குற பக்கமே.”

“பிரேக்?”

“மிதிக்க மாட்டேன். ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து காலை மெதுவா எடுப்பேன்.”

“முன்னாடி ஒரு மான் நிக்குது.”

“ஹாரன் அடிப்பேன்.”

“மான் நகரல.”

“அப்போ அதுக்கும் ஒரு புளியோதரைப் பொட்டலம் கொடுத்துட்டு, சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் வெயிட் பண்ணுவேன் மாமா.”

அடுப்புப் பக்கமிருந்து விஷாகா அக்கா சிரித்தாள். அவள் கணவர் சாய்ராம் மாமா சிரிக்கவில்லை. நான் தேறினேனா இல்லையா என்று சொல்லாமல், லேப்டாப்பில் எதையோ தட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

டெக்சாஸில், ரிச்சர்ட்சனில் நான் தங்கிப் படிக்கும் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசை, பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. வருகிற வெள்ளிக்கிழமை, அக்கா மகள் கண்மணியையும் சேர்த்து நாங்கள் நான்கு பேரும் நியூ மெக்சிகோவில் ஏஞ்சல் ஃபயர் என்ற பனிச்சறுக்கு ஊருக்குக் காரில் போகிறோம். அறுநூற்றுச் சொச்சம் மைல். மாமா நெட்வொர்க் இன்ஜினியர். ஒரு கேபிள் அறுந்தால் இன்னொரு கேபிள், அதுவும் அறுந்தால் மூன்றாவது என்று யோசித்தே வாழ்கிறவர். எனவே இந்தப் பயணத்துக்கும் ஓர் எக்செல் ஷீட் இருந்தது. அதில் ரூட், சாப்பாடு, துணிமணி, டிரைவர், ரிஸ்க் என்று ஐந்து பக்கங்கள்.

நான் டிரைவர் பக்கத்தில் என் பெயரைத் தேடினேன். எல்லா வரியிலும் ‘சாய்ராம்’ என்று மட்டுமே இருந்தது. அக்காவின் லைசென்ஸ் போன மாதம் காலாவதியாகிவிட்டது. இங்கே லைசென்ஸின் ஆயுளும் விசாவின் ஆயுளும் ஒன்று. விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்ததில் மாமாவுக்குப் பேப்பர் வந்துவிட்டது, அக்காவுக்கு இன்னும் வரவில்லை. பேப்பர் வரும்வரை அக்கா பயணி மட்டும்தான்.

என் பெயர் கடைசியில் ரிஸ்க் பக்கத்தில் கிடைத்தது. பதினான்காவது வரி. ‘அஞ்சனா ஓட்டக் கேட்பது.’

“மாமா, என்னை ரிஸ்க்ல போட்டிருக்கீங்க.”

“நடக்க வாய்ப்பு கம்மின்னுதான போட்டிருக்கேன்.”

“பக்கத்துல பாதிப்பு அதிகம்னு இருக்கு.”

“உண்மைதானம்மா அது.”

எனக்கு லைசென்ஸ் கிடைத்து மூன்று வாரம் ஆகிறது. நான்காவது முயற்சியில் கிடைத்தது. முதல் தடவை ஸ்டாப் போர்டில் முழுசாக நிற்கவில்லை. இரண்டாம் தடவை பார்க்கிங்கில் ஒரு கூம்பைச் சாய்த்தேன். மூன்றாம் தடவை, பெரம்பூரில் அப்பா காரில் பழகிய கை, இடப்பக்கம் திரும்ப இன்டிகேட்டர் என்று நினைத்து ஸ்டியரிங்கின் வலப்பக்கக் குச்சியைத் தட்டிவிட்டது. ஒரு மேகம்கூட இல்லாத நாளில் வைப்பர் கடகடவென்று ஓடியது. பரீட்சை வைத்த அம்மாள் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துவிட்டு, பேப்பரில் ஒரு கோடு போட்டாள்.

“நான் முழுசா கேக்கல மாமா. சிமரோன்லேர்ந்து ஈகிள் நெஸ்ட் வரைக்கும். இருபத்து நாலு மைல்.”

“இருக்கிறதுலயே வளைவு ஜாஸ்தி அங்கதான்.”

“அதான் கேக்கறேன்.”

“அஞ்சு, மலையில ஓட்டுறது வேற. கொல்லிமலையில எழுபது ஹேர்பின் பெண்டு போனவன் நான்.”

“போனது பஸ்ல,” என்றாள் அக்கா, கரண்டியைக் கழுவிக்கொண்டே. “ஓட்டினது டிரைவரு. நீங்க ஜன்னல் சீட்ல வாந்தி எடுத்துட்டு இருந்தீங்க. நான் பின் சீட்ல இருந்தேன், எனக்குத் தெரியாதா?”

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பிரைமரி ஃபெயில் ஆனாத்தான் பேக்கப். பிரைமரி நல்லா இருக்கேன்ல? அப்புறம் என்ன?”

அந்த வாரம் முழுக்க, மாமாவுக்கு ஒரே ஒரு சின்ன ஜலதோஷம் வரக் கூடாதா என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். காய்ச்சல் எல்லாம் வேண்டாம். இருபத்து நாலு மைலுக்குப் போதுமான அளவு மூக்கடைப்பு.

அந்தச் சாலையில் நான் ஏற்கெனவே பதினேழு தடவை போயிருக்கிறேன். வகுப்புகளுக்கு நடுவே, பல்கலைக்கழக நூலகத்தின் மூன்றாவது மாடியில், கம்ப்யூட்டர் வரைபடத்தில் தெருப்படங்களை ஒவ்வோர் அம்பாகச் சொடுக்கிச் சொடுக்கி. சிமரோன் ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் மலை நெருங்கி வந்து காதருகே ஏதோ சொல்லப் போவதுபோல் நிற்கும். கூடவே ஒரு சின்ன ஆறு, சாலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாறி மாறி ஓடிவரும். பிறகு அண்ணாந்து பார்க்க வைக்கும் பாறைகள், அடுக்கி வைத்த தூண்களைப் போல. பதினோராவது மைலில் ஒருவர் ஆற்றோரம் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பார். அவர் முகத்தைப் படத்தில் மங்கலாக்கியிருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் அவருக்கு நான் வணக்கம் சொல்வேன். கடைசியில், போதும் என்று நினைத்ததுபோல் மலைகள் இரண்டும் சட்டென்று விலகிக்கொள்ளும். கீழே ஓர் ஏரி விரிந்து கிடக்கும்.

அந்தப் படங்களில் எப்போதும் ஜூலை மாதம். பனியை நான்தான் போட்டுக்கொள்ள வேண்டும். மொழிபெயர்ப்பு நாவல்களில் எத்தனையோ நாட்டுப் பனியைப் படித்தாயிற்று, ஒன்றைக்கூட மிதித்ததில்லை. போன வருஷம் ரிச்சர்ட்சனில் விழுந்தது பனியில்லை, ஐஸ். தெருவுக்குக் கண்ணாடி மாட்டின மாதிரி இரண்டு நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. ஆகையால் ஒவ்வொரு பைன் மரத்தின்மீதும் எனக்குத் தெரிந்த பனியையெல்லாம் கொட்டிக்கொண்டே போவேன். எந்தப் படத்திலும் என் கை ஸ்டியரிங்கில் இருக்கும். பயணிச் சீட்டில் நான் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை.

திங்கட்கிழமை ஜாக்கெட் வந்தது. ரிச்சர்ட்சன் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவே இரண்டு பெரிய பைகளில் பனித் துணிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. யார் முதலில் வாங்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. போகிறவர்கள் கேட்டு வாங்கி, திரும்பியதும் துவைத்து, அடுத்தவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். எனக்கு வந்த ஆரஞ்சு நிற ஜாக்கெட் அதுவரை எட்டு மலைகளைப் பார்த்திருப்பதாக அக்கா சொன்னாள். அதன் பாக்கெட்டில் ஒரு ஹேர்பின், இரண்டு கிராம்பு, கல்லாகிப்போன அரை முறுக்கு.

“தூக்கிப் போடுடி அதை,” என்றாள் அக்கா.

“இருக்கட்டும்க்கா. என்னைவிட அதுக்குத்தான் அனுபவம் ஜாஸ்தி.”

புதன்கிழமை சாயங்காலம் மாமா, பனியில் வழுக்காமலிருக்க டயருக்குச் சங்கிலி மாட்டிப் பழகினார். வெளியே நல்ல வெயில். அரை டிரவுசர், ஹவாய் செருப்பு, கையில் மட்டும் முழங்கை வரை பனி உறை. நிஜமான நிலைமையில் பழக வேண்டுமாம். என் அக்கா மகள் கண்மணிக்கு ஆறு வயது. போனில் ஸ்டாப் வாட்சை வைத்துக்கொண்டு, கார் நிற்கும் வாசல் டிரைவ்வேயில் நின்றாள்.

“டாடி, ட்வென்டி டூ மினிட்ஸ்.”

“இன்னும் ஒரு கொக்கிதான்டா.”

“யூ செட் தட் அட் ட்வெல்வ் மினிட்ஸ்.”

உறையோடு கொக்கி பிடிபடவில்லை. உறையைக் கழற்றினார். பிடிபட்டது. “ரிஸ்க்ல ஒரு வரி சேர்க்கணும்,” என்று எழுந்தார்.

அப்போது பக்கத்து வீட்டு வேலிக்கு மேலே ஜம்புநாதன் அங்கிளின் தலை தெரிந்தது. அறுபது வயதிருக்கும். காற்றாலைகளைச் சோதிக்கிற வேலை. ஆன்ட்டி மன்னார்குடிக்குப் போய் ஒரு மாதமாகிறது, எனவே அங்கிளுக்கு இப்போது எங்கள் வீட்டில்தான் பொழுது போகிறது.

“என்ன சாய், டயருக்கு ஒட்டியாணமா?”

“வெள்ளிக்கிழமை கிளம்பறோம் அங்கிள்.”

“வெள்ளிக்கிழமையா? எந்தப் பக்கம்?”

“மேற்கே.”

அங்கிள் முகம் போன போக்கைப் பார்த்து மாமா உள்ளே ஓடினார். ஃபிரிட்ஜ் பக்கத்தில் மளிகைக் கடையில் கொடுத்த தினசரி காலண்டர் தொங்குகிறது. வெள்ளிக்கிழமைத் தாளைப் புரட்டினார். சூலம், மேற்கு. பரிகாரம், வெல்லம்.

மாமா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “ஒரு மாசமா பிளான் பண்றேன். திசையைப் பார்க்கவே இல்லை.”

“சூலம்னா என்ன?” என்று கண்மணி கேட்டாள்.

“சில கிழமையில சில திசைக்குப் போகக் கூடாது கண்ணா. வெள்ளிக்கிழமை மேற்கே போற லிங்க் டவுன். அவ்வளவுதான்.”

“பரிகாரம் போட்டிருக்கில்ல,” என்றாள் அக்கா. “ஆளுக்கு ஒரு துண்டு வெல்லத்தை வாயில போட்டுக்கிட்டு ஏறி உக்காருங்க.”

“வெல்லம் ஒண்ணையே நம்பி எப்படிப் போறது? பேக்கப் வேண்டாமா?”

பேக்கப்பை மாமாவே கண்டுபிடித்தார். பரஸ்தானம். நல்ல நாளில் கிளம்ப முடியாதவர்கள், ஒரு நல்ல நேரத்தில் தங்கள் பொருள் ஒன்றைப் பையில் வைத்து, போகிற திசையில் இருக்கும் வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அந்த நிமிஷமே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எப்போது வேண்டுமானாலும் பையை எடுத்துக்கொண்டு போகலாம். ஒரே நிபந்தனை, வைத்த பை வீட்டுக்குத் திரும்பக் கூடாது. ஜம்புநாதன் அங்கிள் வீடு எங்கள் வீட்டுக்குச் சரியாக மேற்கே, வேலிக்கு அந்தப் பக்கம்.

வியாழக்கிழமை மதியம் ராகுகாலத்துக்கு முன்னால், ஆபீஸ் மீட்டிங்கில் தன் குரலை அணைத்துவிட்டு மாமா பை கட்டினார். மஞ்சள் துணிப்பை. வெற்றிலை, பாக்கு, ஒரு சட்டை.

“ஓட்டுறவரோட முக்கியமான பொருள் ஒண்ணு இருக்கணும்,” என்றார். “போன தடவை இந்தியா போறப்போ பாஸ்போர்ட் வெச்சோம். இப்போ ரோடு டிரிப்.” பர்ஸிலிருந்து டிரைவிங் லைசென்ஸை உருவிப் பைக்குள் போட்டார்.

தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. எங்களில் ஒருவருக்கும் எதுவும் தோன்றவில்லை. நானே பையை வேலிக்கு மேலே தூக்கிக் கொடுத்தேன். அங்கிள் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“பை திரும்பி மட்டும் வந்துடக் கூடாது அங்கிள்,” என்றார் மாமா.

“என்கிட்ட விட்டுட்டீங்கல்ல. நிம்மதியா இருங்க.”

வெள்ளிக்கிழமை விடிந்தபோது வீட்டில் எல்லோருக்கும் ஏதோ கல்யாணத்துக்குப் போகிற பரபரப்பு. அக்கா புளியோதரையை அலுமினியத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். கண்மணி பைஜாமாவுக்கு மேலேயே பனிச்சறுக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவரில் மோதினாள். நான் ஆரஞ்சு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டேன். வெளியே அறுபது டிகிரி ஃபாரன்ஹீட். வியர்த்தது, கழற்றவில்லை. மாமா நான்கு டயருக்கும் கீழே நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார், ஆளுக்கொரு வெல்லத் துண்டு கொடுத்தார், வீட்டைப் பூட்டினார், பூட்டை இழுத்துப் பார்த்தார், மறுபடியும் இழுத்துப் பார்த்தார். பத்தரைக்கு ராகுகாலம். நாங்கள் ஏழரைக்கே தயார்.

“பையை வாங்கிட்டு வந்துடறேன்,” என்று பக்கத்து வீட்டுக்குப் போனார்.

மணி அடிக்கிற சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது. டிரைவ்வேயில் அங்கிளின் வண்டியைக் காணவில்லை என்பதை நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கவனித்தோம்.

மாமா போனை ஸ்பீக்கரில் போட்டபடி திரும்பி வந்தார்.

“சாய், கிளம்பியாச்சா?” அங்கிள் குரல் உற்சாகமாக இருந்தது. பின்னால் தட்டுகள் மோதும் சத்தம்.

“அங்கிள், எங்க இருக்கீங்க?”

“அமரில்லோ. ஹோட்டல்ல டிபன் சாப்பிட்டுட்டு இருக்கேன். நேத்து மத்தியானம் சைட்லேர்ந்து திடீர்னு கூப்பிட்டாங்க.”

“பை அங்கிள்?”

“என்கூடத்தான் இருக்கு. எங்க மன்னார்குடிப் பக்கம் பரஸ்தானப் பையைச் சும்மா மூலையில வைக்க மாட்டோம் சாய். போற திசையில கொஞ்ச தூரம் கொண்டுபோய்க் காட்டுவோம். நானும் மேற்கதான் வரேன், நீங்களும் அதே வழிதான். அதான் பக்கத்துச் சீட்ல உக்கார வெச்சு, சீட் பெல்ட் போட்டுக் கூட்டிட்டு வந்துட்டேன். உங்க பிரயாணம் முன்னூத்தி அறுபது மைல் முன்னாடியே வந்து நிக்குது.”

“அதுல என் லைசென்ஸ் இருக்கு.”

அந்தப் பக்கம் மெல்லுகிற சத்தம் நின்றது.

“அப்படியா,” என்றார் அங்கிள். “அதுவும் பத்திரமா வந்து சேர்ந்துடுச்சு. வேணும்னா நான் திரும்பி...” நிறுத்திக்கொண்டார். “இல்ல, பை திரும்பக் கூடாதே. சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருப்பேன். நீங்க வர வழியில வாங்கிக்கோங்க.”

மாமா போனை வைத்துவிட்டு டிக்கியின் விளிம்பில் உட்கார்ந்தார். எக்செல் ஷீட்டின் அச்சுப் பிரதியைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து, ரிஸ்க் பக்கத்தில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். மான் இருந்தது. பனிப்புயல் இருந்தது. உறையோடு கொக்கி பிடிபடாதது இருந்தது. இது இல்லை.

“லைசென்ஸ் இல்லாமதான் ஓட்டுங்களேன்,” என்றாள் அக்கா, தானே நம்பாமல்.

“கிரீன் கார்டு வரிசையில பதிமூணு வருஷமா நிக்கறேன் விஷா. முன்னூத்தி அறுபது மைல். ஒரே ஒரு போலீஸ் நிறுத்தினா போதும்.”

“அப்போ நாளைக்கு?”

“நாளைக்கும் பை இங்க திரும்பி வரக் கூடாதே.”

ஜலதோஷம்தான் கேட்டேன் என்று நான் மனசுக்குள் யாரிடமோ விளக்கிக்கொண்டிருந்தேன். இவ்வளவு பெரிதாக ஏற்பாடு செய்யச் சொல்லவில்லை. ஆனாலும் ஜாக்கெட்டுக்குள் ஏதோ ஒன்று சோடா பாட்டில் மாதிரி பொங்கிக்கொண்டு வந்தது. அதை அமுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. நானாகச் சொல்லக் கூடாது என்று வாயில் இருந்த வெல்லத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கண்மணி பனிக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

“சித்தி ஹேஸ் எ லைசென்ஸ்,” என்றாள்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவின் உதட்டோரம் துடித்தது. அவள் சட்டென்று புளியோதரைப் பைக்குள் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது.

மாமா ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். வானத்தைப் பார்த்தார், அந்தப் பரீட்சை அம்மாளைப் போலவே. ஒரு மேகமும் இல்லை.

“இன்டிகேட்டர் எந்தப் பக்கம்?”

“இடது.”

“வைப்பர்?”

“வலது. மழை பேஞ்சா மட்டும்.”

“விச்சிட்டா ஃபால்ஸ் தாண்டினதும் காத்து ஜாஸ்தி இருக்கும்.”

“ரெண்டு கையும் ஸ்டியரிங்ல.”

“டிரக்கை முந்தினா?”

“முந்த மாட்டேன். முந்தியே ஆகணும்னா உங்களைக் கேப்பேன்.”

அவர் எழுந்தார். டிக்கியை மூடினார். பேனாவை எடுத்து, டிரைவர் பக்கத்தில் ரிச்சர்ட்சன் முதல் அமரில்லோ வரை என்ற வரியில் தன் பெயரை அடித்துவிட்டு, மேலே ‘அஞ்சனா’ என்று எழுதினார். காகிதம் கார் கண்ணாடிமேல் இருந்ததால் என் பெயரின் துணைக்கால் கோணிக்கொண்டு போயிற்று. ரிஸ்க் பக்கத்தின் பதினான்காவது வரியை அவர் அடிக்கவில்லை. பரவாயில்லை.

ஓட்டுநர் சீட்டில் ஏறினேன். என் கால் எட்டவில்லை. சீட்டை முன்னால் இழுத்தேன், இன்னும் கொஞ்சம் இழுத்தேன். கண்ணாடியைத் திருப்பினேன். அதில் அக்கா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், சிரிப்பு அடங்கவில்லை. தெருவின் கடைசி வரை தட்டையாகக் கிடந்தது டெக்சாஸ். எனக்கு அதற்கு அப்பால் தெரிந்தது. பதினோராவது மைலில் முகம் மங்கிய மனிதர் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு, யாரோ வரப்போகிறார்கள் என்று சாலையைத் திரும்பிப் பார்த்தார். இந்தத் தடவை அவர் தொப்பிமேல் பனி இருந்தது.

மாமா ஜன்னல் வழியாகச் சாவியை நீட்டினார். “அமரில்லோ வரைக்கும்தான். எழுபதுக்கு மேல போகக் கூடாது.”

ஒரு வாரமாகக் கெஞ்சிக் கேட்ட சாவி. அது என் முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது. கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

“மாமா, அமரில்லோல பை கிடைச்சதும் நீங்களே ஓட்டுங்க. டூமாஸ், கிளேட்டன், ஸ்பிரிங்கர், எல்லாம் உங்களுக்கே. நான் பின்னாடி உக்காந்து கண்மணிக்குக் கதை சொல்லிக்கிட்டு வரேன், வாயே திறக்க மாட்டேன். சிமரோன் வந்ததும் மட்டும் வண்டியை ஒரு ஓரமா நிறுத்தி, அந்த இருபத்து நாலு மைலுக்குச் சாவியை என்கிட்ட குடுங்க.”